பாலூட்டும் கால மாதவிலக்கின்மை

பிரசவத்துக்குப் பின் தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராதிருக்கும் இயல்பான நிலை. குழந்தை காம்பைச் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளையின் ஹைப்போதலாமஸை எட்டி, அங்கு விட்டுவிட்டுச் சுரக்கும் கோனடோட்ரோபின் விடுவிப்பு ஹார்மோனின் சீரைக் குலைக்கிறது. அதனால் பிட்யூட்டரிச் சுரப்பியின் எல்.எச். (லூட்டினைசிங் ஹார்மோன்) சுரப்பு தடைப்பட்டு, கருமுட்டை வெளிப்படுவது நின்றுபோகிறது. ஆகவே எவ்வளவு பால் சுரக்கிறது என்பதைவிட, எத்தனை முறை குழந்தை குடிக்கிறது என்பதே முக்கியம். கலஹாரிப் பாலைவனத்தின் குங் இனத் தாய்மார் இதற்குப் புகழ்பெற்ற சான்று. மணிக்குப் பலமுறை, சிறிது சிறிதாகப் பால் கொடுத்துவந்த அவர்களுக்குக் கருத்தடைச் சாதனம் ஏதுமின்றியே இரு பேறுகளுக்கிடையே ஏறக்குறைய நான்கு ஆண்டு இடைவெளி இருந்ததை ஆய்வாளர்கள் மெல்வின் கோனரும் கரோல் வொர்த்மனும் 1980இல் எழுதினர்.

1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் இந்த மாதவிலக்கின்மையை மூன்று நிபந்தனைகளோடு கருத்தடை முறையாக ஏற்றனர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது; இரவிலும் பகலிலும் தாய்ப்பாலே உணவாக வேண்டும்; மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் பாதுகாப்பு சுமார் 98 விழுக்காடு. புட்டிப்பாலோ கூழோ சேர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்ற பரவலான நம்பிக்கை பாதி உண்மைதான். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவரக்கூடும். குறிப்பாக ஆறு மாதத்துக்குப் பின் அந்த வாய்ப்பு அதிகம். பால் கொடுக்காத தாய்க்கோ, பிரசவமான நான்கு வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம்.