வேலை பார்த்தவர்கள் திரும்பவும் படிக்க வந்த கதை

காலேஜ்ல நாம எழுதுற புரோகிராமுக்கு ஆயுசு எவ்வளவு? மார்க் போடுற வரைக்கும்தான். கேள்வி மாறாது, எழுதுறது பெரும்பாலும் ஒரே ஆள், அந்தக் கோடை இன்னொருத்தர் திருத்த வேண்டிய தேவையும் வராது. வேலைக்குப் போனா இந்த மூணுமே தலைகீழ். இந்த இடைவெளியை ஒரு பல்கலைக்கழகம் எப்படிச் சமாளிச்சதுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஒரு மாநாடு நடத்தியது. பெரிய மென்பொருள்கள் குறித்த நேரத்தில் முடிவதில்லை, செலவு எகிறுகிறது, பிழைகள் தீர்வதில்லை. இதுதான் அங்கே பேச்சு. 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்ற பெயர் பரவியதும் அதற்குப் பிறகுதான். சரி, பேர் வந்தாச்சு. இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில், 1984-ல் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிடியூட் தொடங்கியது. 1989-ல் அதே பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென ஒரு முதுகலைப் படிப்பை ஆரம்பித்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டொமேகோ. நாசா விண்கலங்களின் கணினி வரலாற்றை எழுதியவர்.

அந்தப் படிப்போட உயிர்நாடி 'ஸ்டுடியோ'. கட்டடக்கலை மாணவர்கள் பயிலும் முறையிலிருந்து எடுத்த யோசனை. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, நிஜமான ஒரு கிளையன்ட்டுக்கு மென்பொருள் செய்து கொடுக்கணும். கிளையன்ட்டுன்னா தெரியும்ல? தனக்கு என்ன வேணும்னு அவருக்கே முழுசாத் தெரியாது. பேசிப் பேசித்தான் புரிஞ்சுக்கணும். கூடவே அனுபவம் உள்ள மென்டர்கள் இருப்பாங்க. அவங்க வேலை கோடு எழுதித் தர்றது இல்ல. ஏன் இந்த முடிவை எடுத்தீங்கன்னு கேட்கிறது.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அங்கே சேர்ந்தவங்க ஃப்ரெஷர்ஸ் இல்ல, ஏற்கெனவே சில வருஷம் வேலை பார்த்தவங்க. அனுபவம் மட்டும் போதும்னா அவங்க திரும்பவும் படிக்க வந்திருக்கத் தேவையே இல்லையே!

"அதெல்லாம் வேலையில கத்துக்குவாங்க"ன்னு காலேஜ் நினைக்குது. "இதைக்கூட காலேஜ்ல சொல்லித் தரலையா"ன்னு கம்பெனி கேட்குது. நடுவுல மாட்டிக்கிறது இருபத்திரண்டு வயசுப் பையனும் பொண்ணும்தான். டெட்லைன் ஓட்டத்துல செஞ்சதைத் திரும்பிப் பார்க்க நமக்கு எங்கே நேரம்? ஸ்டுடியோ கொடுத்தது அந்த நேரத்தைத்தான்.

உங்க டீம்ல புதுசா யாராவது சேர்ந்திருந்தா, அடுத்த ரிலீஸ் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் அவங்களோட உட்காருங்க. "ஏன் இப்படிச் செஞ்சே?"ன்னு திட்டுற குரல்ல இல்லாம, தெரிஞ்சுக்கிற குரல்ல கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.