ஆடையும் சித்தமும்: கடலூர் அஞ்சலையம்மாளின் வாழ்க்கையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

நம் பாட்டிமார் தலைமுறையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பதினெட்டு முழச் சேலை ஆறு கஜமாகச் சுருங்கியதையும், ரவிக்கை பரவியதையும், கைத்தறியின் இடத்தை மில் துணி பிடித்ததையும் வரிசைப்படுத்திவிட்டு, அம்மாறுதல்கள் யாவும் குடும்ப வருமானம், கடைவீதிச் சரக்கு, பட்டணத்து நாகரிகம் ஆகிய புறக்காரணங்களால் நேர்ந்தவை என்று முடித்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. உடுத்தியவளின் சித்தத்துக்கு இந்த விளக்கத்தில் ஸ்தானமே இல்லை. இது பூரணமான விளக்கம் அன்று என்பதை, 1890இல் கடலூர் முதுநகரில் பிறந்து 1961இல் காலமான சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாளின் வாழ்க்கையைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் பிறந்த கடற்கரையில் துணிக்கு ராஜ்ய சம்பந்தம் நெடுநாளாக உண்டு. 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிரயத்துக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், அதைச் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டு, அதன் காவலில் இப்பிரதேசத்துப் பருத்தித் துணியைக் கப்பலேற்றினர். சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையிலும் ஐரோப்பிய வர்த்தகர்கள் துணியையே நாடி வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வோட்டம் திசைமாறி, லங்காஷயர் ஆலைத் துணி நம் துறைமுகங்களில் வந்து குவியலாயிற்று. ஆகையால், 1921இல் அஞ்சலையம்மாள் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியபோது, அந்நியத் துணி பகிஷ்காரமும் கதரும் இவ்வூருக்குத் தன் பழைய வாணிபத்தின் சரித்திரத்தையே நினைவூட்டியிருத்தல் வேண்டும்.

அக்காலக் கதர் எளிதில் உடுத்தத்தக்க வஸ்திரம் அன்று. முரட்டு நூலால் ஆனது, கனமானது, ஆலைத் துணியைவிட விலை கூடியது, பெரும்பாலும் சாயமற்றது. வெள்ளைச் சேலையைக் கைம்பெண்ணுக்கு உரியதாகப் பல குடும்பங்கள் ஒதுக்கி வைத்திருந்த சமூகத்தில், சுமங்கலிகளை நோக்கி அதை உடுத்துமாறு இயக்கம் கேட்டது, தேசபக்தியை மட்டுமின்றி, வீட்டாரின் சகுன நம்பிக்கைகளையும் ஊராரின் பேச்சையும் எதிர்த்து நிற்கும் திடசித்தத்தையும் கேட்டதாகும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கதர் காங்கிரஸ் தலைவர்கள் வகுத்த சீருடைதானே, அதில் ஒரு பெண்ணின் சுயேச்சை எங்கே என்பது அது. ஆடையைத் தனியே பிரித்துப் பார்த்தால் இவ்வாட்சேபம் நியாயமே. ஆனால் ஆடையைச் செயலோடு சேர்த்துப் படிக்கும்போது அவ்வாட்சேபம் நிற்பதில்லை. குடும்ப நிலத்தையும் வீட்டையும் விற்று இயக்கத்துக்குச் செலவிட்டவரும், 1927இல் சென்னையில், சிப்பாய்க் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதி நீல் துரையின் சிலையை அகற்றக் கோரிய சத்தியாக்கிரகத்தில் தம் சிறுவயது மகளையும் உடன்கொண்டு சிறை புகுந்தவரும், 1932இல் கர்ப்பிணியாக வேலூர்ச் சிறைக்குச் சென்று, பிரசவத்துக்காக வெளிவந்து, பச்சைக் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே திரும்பச் சிறை சென்றவருமான ஒருவர், பிறர் சொன்னதற்காக மட்டும் ஒரு துணியை உடுத்தினார் என்பது பொருந்துமா? அரசாங்கமும் உடையின் வலிமையை அறிந்தேயிருந்தது. கைதிகளை வகுப்புகளாகப் பிரித்து, மேல் வகுப்பாருக்குச் சொந்த உடையை அனுமதித்து, கீழ் வகுப்பாருக்குச் சிறை உடையை விதித்தது அதற்குச் சான்று.

எல்லாவற்றினும் விசேஷமானது பர்தா நிகழ்ச்சி. காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது அஞ்சலையம்மாளைச் சந்திக்கலாகாது என்று அதிகாரிகள் தடுக்க, அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் சென்று அடிகளைக் கண்டார் என்றும், அத்துணிவை மெச்சி அடிகள் அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று அழைத்தார் என்றும் அவரது சரித்திரம் கூறுகிறது. பெண்ணைப் பொதுவெளியின் பார்வையிலிருந்து விலக்குவதற்கென்று கருதப்பட்ட உடையை, பொதுவாழ்வின் நடுவே பிரவேசிப்பதற்கு அவர் கருவியாக்கிக்கொண்டார். உடையின் அர்த்தம் துணியில் நிலைபெற்றிருப்பதன்று, உடுத்துவோரின் நோக்கத்தில் பிறப்பது என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

1937இல் அவர் சென்னைச் சட்டசபை உறுப்பினரானபோது, போலீசாரின் சந்தேகத்துக்கு இலக்காயிருந்த கதர், ஆளுங்கட்சியின் அடையாளமாகிவிட்டது. புவனகிரியை அடுத்த தீர்த்தாம்பாளையத்தின் தண்ணீர்க் குறையைப் போக்க அவர் முயற்சியால் வெட்டப்பட்ட கிளை வாய்க்கால் அவர் பெயராலேயே வழங்குவதைக் காணும்போது, அதிகாரம் கைவந்த பின்னும் அவ்வாடை அவருக்கு வெறும் அலங்காரமாகிவிடவில்லை என்பது புலனாகிறது.

ஆகவே, பெண்களின் உடை மாற்றத்தை ஆராய்வோர், என்ன உடுத்தினார்கள் என்பதோடு நில்லாமல், எதை மறுத்தார்கள், எதற்காக மறுத்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். சிதம்பரத்தில் 1929 முதல் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. அதன் ஆராய்ச்சியாளர், சூழ்ந்துள்ள ஊர்களின் முதிய பெண்மணிகளிடம், பெட்டியிலிருக்கும் ஒவ்வொரு சேலையின் வரலாற்றையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிக்கொள்ளும் பணி இனியும் தாமதிக்கத்தக்கதன்று.