ஏசி கார் குழாயும் நம்ம ஊர் உப்புக் காற்றும்

வேதாரண்யத்து உப்புக்குச் சரித்திரம் உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து இங்கே உப்பு அள்ளிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதே உப்பு ஜன்னல் கம்பியையும் சைக்கிள் ரிம்மையும் தின்பதும் தெரியும். இப்போது தெருவுக்கு நாலு கார் நிற்கிறது. "வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் போட வேண்டியிருக்கு சார்" என்று சொல்கிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள். வண்டிப் பட்டறையிலேயே உத்தியோகக் காலத்தைக் கழித்தவன் என்பதால் என்னிடம் காரணம் கேட்கிறார்கள். கார் ஏசியின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் விடை அதிலேயே இருக்கிறது.

காருக்குள் முதன்முதலில் ஏசி வைத்து விற்றது அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி. 1939-ல் அறிவித்தார்கள். கம்ப்ரசர் முன்னால் என்ஜினோடு இருக்கும். குளிரூட்டும் பெட்டியோ பின்னால் டிக்கியில், பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இணைக்கும் குழாய்கள் வண்டியின் நீளத்துக்கு ஓடும். ஏசி வேண்டாமென்றால் என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும்! 1954-ல் நாஷ் கம்பெனி எல்லாவற்றையும் வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது. குழாயின் நீளம் குறைந்தது. ஒழுகும் இடங்களும் குறைந்தன.

வீட்டு ஃபிரிட்ஜ் இருபது வருஷம் கேஸ் போடாமல் ஓடுகிறதே, கார் ஏன் அப்படி இல்லை? ஃபிரிட்ஜில் மோட்டார், கம்ப்ரசர், குழாய் எல்லாம் பற்றவைத்து மூடிய ஒரே உடம்பு. காரில் கம்ப்ரசரை என்ஜின் பெல்ட் சுழற்றுகிறது. அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே ஒரு சீல். என்ஜின் ஆடுவதால் ரப்பர் ஹோஸ் வேண்டும். ஹோஸ் அலுமினியக் குழாயோடு சேரும் இடமெல்லாம் ஓ ரிங். கசியும் வழிகள் இத்தனை.

அந்த நாளில் இந்தக் கசிவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதைய கேஸ் ஆர்-12. தீப்பிடிக்காது, விஷமில்லை, 'குறைந்தால் நிரப்பு' என்பதே வழக்கம். கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன விளக்கு இருந்தது. கசியும் இடத்தில் அதன் சுடர் பச்சையாக மாறும். அந்தப் பச்சைக்குக் காரணம் கேஸில் இருந்த குளோரின். அதே குளோரின் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை தெரியவந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. ஊர் ஊராக பட்டறைகளில் ஒழுகியதும் அந்த ஓட்டையில் ஒரு பங்குதான்.

பிறகு வந்தது குளோரின் இல்லாத ஆர்-134ஏ. பச்சைச் சுடர் விளக்கு இதற்கு வேலை செய்யாது. இதன் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர் வழியாகவே நழுவிவிடும். அதனால் ஹோஸின் உள்ளே நைலான் அடுக்கு வைத்தார்கள். ஆயிலையும் ஓ ரிங்கையும் மாற்றினார்கள். ஆனாலும் பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. ஆகவே கசிவு இன்றும் சின்ன விஷயமில்லை.

இனி நம்ம ஊர்ச் சங்கதி. கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் சில்லென்று இருக்கும். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அதன்மேல் பட்டதும் மோர்ச் செம்புபோல வியர்த்து வழியும். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் போய் வரும் வண்டியில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும். உப்பு ஈரம் அலுமினியத்தில் ஊசி முனை அளவு குழிகளை உண்டாக்கும். அந்தக் குழாயை இரும்பு கிளாம்ப் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி ஆகி, அரிப்பு இன்னும் வேகமாகும்.

வியர்வை சொட்டாமல் இருக்கச் சிலர் பழைய துணியையோ ஸ்பாஞ்சையோ குழாயில் சுற்றிவிடுகிறார்கள். அது உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே தெரியாமல் உள்ளே குழாய் அரித்துப்போகும். சுற்றுவதானால் வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில் இருக்கிறதே, தண்ணீர் குடிக்காத கறுப்பு ரப்பர் நுரை, அதைத்தான் போட வேண்டும். முனைகளையும் இணைப்பையும் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். கிழிந்தால் ஒட்டுப் போடாமல் புதிதாக மாற்றுவது நல்லது. கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் துண்டு இருக்கட்டும்.

பின்பக்க ஏசி உள்ள வேன் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பேக்கார்ட் போலவே குழாய் வண்டியின் அடியில் நீளமாக ஓடுகிறது. சேறும் உப்பும் அதன்மேல்தான். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் நிறமில்லாத வெறும் தண்ணீர் சொட்டினால் பயம் வேண்டாம். உள்ளே வியர்த்த தண்ணீர் வெளியேறுகிறது. தண்ணீர் காலடிக் கார்ப்பெட்டில் தேங்கினால் வடியும் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் அங்கேதான் கேஸ் கசிகிறது, ஏனென்றால் கேஸோடு ஆயிலும் வெளியே வரும்.

கேஸ் பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் அல்ல. வருஷா வருஷம் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அடுத்த முறை மெக்கானிக்கிடம் "கேஸ் போடுப்பா" என்பதற்கு முன்னால் "எங்கே ஒழுகுதுன்னு பாருப்பா" என்று சொல்லுங்கள்.