தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் அமெரிக்கர்கள்: புதிதாகத் தொடங்குபவர் முதலில் எந்தக் கருவியை வாங்க வேண்டும்?

துப்பாக்கியால் சுட்டதும் பக்கவாட்டில் தெறித்து விழும் பித்தளை உறை என்ன ஆகும்? சினிமாவில் அது தரையில் உருண்டு ஓடுவதோடு காட்சி முடிந்துவிடும். அமெரிக்காவின் துப்பாக்கிப் பயிற்சி மைதானங்களில் கதை வேற. பயிற்சி முடிந்ததும் பலர் குனிந்து அந்த உறைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

வீட்டில் அதே உறைக்குள் புதிதாக மருந்து நிரப்பி, மீண்டும் சுடக்கூடிய தோட்டாவாக மாற்றுகிறார்கள். இதற்குப் பெயர் 'ரீலோடிங்'. அங்கே இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. ஆனால் ஒரு சின்னக் கவனக்குறைவு போதும், துப்பாக்கி கையிலேயே வெடித்துவிடும். அதனால், புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கருவியை வாங்குகிறார் என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல, விரல்களும் கண்களும் சம்பந்தப்பட்ட கேள்வி.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

நாம் 'தோட்டா' என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் 4 பொருட்களின் கூட்டு.

பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் 'பிரைமர்', உள்ளே மருந்து (பவுடர்), முனையில் ஈயக் குண்டு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் தீர்ந்துவிடும். உறை மட்டும் மிஞ்சும். அதைப் பலமுறை பயன்படுத்தலாம்.

ரீலோடிங்கில் நடப்பது இதுதான்: பழைய பிரைமரைத் தள்ளி எடுப்பது, விரிந்துபோன உறையைப் பழைய அளவுக்குச் சுருக்குவது, புது பிரைமர் பொருத்துவது, வாயைக் கொஞ்சம் அகட்டுவது, அளந்து மருந்து போடுவது, குண்டை வைத்து அழுத்துவது.

எல்லா உறையும் இதற்கு ஆகாது. அடியில் ஒரே துளை உள்ள 'பாக்சர்' வகைதான் வசதி. இரண்டு துளை உள்ள 'பெர்டான்' வகையில் பிரைமரைத் தள்ளும் ஊசியே உடைந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்சர் பிரிட்டன்காரர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் பரவலாகப் புழங்குவது பாக்சர் வகைதான்!

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

முதல் காரணம் செலவு. ஆனால் 9 எம்எம் மாதிரி கடையில் மலிவாகக் கிடைக்கும் தோட்டாவில் பெரிய மிச்சம் இருக்காது. .45 ஏசிபி, .38 ஸ்பெஷல் போன்றவற்றில் மிச்சம் கூடுதல்.

இரண்டாவது, தட்டுப்பாடு. 2020-21ல் அமெரிக்கக் கடைகளில் தோட்டா கிடைப்பதே அரிதானது. அப்போது ரீலோடிங் பக்கம் பலர் திரும்பினார்கள். ஆனால் பிரைமருக்கும் அதே நேரத்தில் தட்டுப்பாடு வந்தது. கருவி கையில் இருந்தும் நிரப்ப முடியாமல் உட்கார்ந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, போட்டி. யுஎஸ்பிஎஸ்ஏ துப்பாக்கிப் போட்டிகளில் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி 1,000ஆல் வகுத்து 'பவர் ஃபேக்டர்' கணக்கிடுவார்கள். 'மைனர்' பிரிவுக்கு 125, 'மேஜர்' பிரிவுக்குப் பொதுவாக 165 வேண்டும். அந்த எல்லையைத் தொட்டு, அதற்கு மேல் அதிராத தோட்டா வேண்டும் என்றால் தானே நிரப்பிக்கொள்வது வசதி.

பிரஸ்: 3 வகை, ஒரே கேள்வி

ரீலோடிங்கின் மையக் கருவி 'பிரஸ்'. மேசையில் போல்ட் போட்டு முறுக்கப்பட்ட, கைப்பிடியை இழுத்தால் அழுத்தும் இயந்திரம். அதில் 'டை' எனப்படும் அச்சுகளைப் பொருத்துவார்கள். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, டில்லன், லைமன் ஆகியவை அமெரிக்காவில் தெரிந்த பெயர்கள்.

சிங்கிள் ஸ்டேஜ்: ஒரு நேரத்தில் ஒரே டை, ஒரே வேலை. 50 உறைகளை எடுத்தால் 50க்கும் முதல் வேலையை முடித்து, பிறகு டையை மாற்றி அடுத்த வேலைக்குப் போகணும். ஒரு மணி நேரத்தில் சுமார் 50 தோட்டா கிடைக்கும். விலை குறைவு.

டரட்: எல்லா டையும் ஒரு சுழலும் தலையில் இருக்கும். தலையைத் திருப்பினால் அடுத்த வேலை. ஒரு உறை முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த உறை. வேகம் சிங்கிள் ஸ்டேஜைவிட இரண்டு, மூன்று மடங்கு.

ப்ரோக்ரஸிவ்: ஒரே இழுப்பில் 4, 5 உறைகளில் 4, 5 வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா. மணிக்கு 400, 500 என்று போகலாம். விலையும் பல மடங்கு.

வேகத்தைப் பார்த்தால் மூன்றாவதைத்தான் வாங்கத் தோன்றும். புதியவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி 'மணிக்கு எத்தனை?' என்பதல்ல. 'குண்டு வைத்து மூடும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் இருக்கும் மருந்தை என் கண்ணால் பார்க்க முடியுமா?' என்பதுதான்.

ஏன் அந்தக் கேள்வி?

காரின் டயரில் காற்றழுத்தம் சுமார் 30 முதல் 35 பிஎஸ்ஐ. 9 எம்எம் தோட்டா வெடிக்கும்போது உறைக்குள் அமெரிக்கத் தொழில் அமைப்பான சாமி அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ. டயரைப் போல ஆயிரம் மடங்கு! .45 ஏசிபிக்கு 21,000. .38 ஸ்பெஷலுக்கு 17,000.

துப்பாக்கி தாங்குவது இந்த எல்லையை வைத்துத்தான். தவறி ஒரே உறையில் இரண்டு முறை மருந்து விழுந்தால் அந்த எல்லை உடைந்துவிடும்.

.38 ஸ்பெஷலில் இந்த ஆபத்து அதிகம். அது பழைய கரும்பொடி மருந்துக்காக வடிவமைத்த நீளமான உறை. இன்றைய புகையில்லா மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, வெளியிலிருந்து வித்தியாசமும் தெரியாது.

எதிர்த் தவறும் அதே அளவு மோசம். மருந்தே விழாத உறையில், பிரைமரின் சக்தி மட்டும் குண்டைத் தள்ளி, குழலுக்குள் பாதியில் சிக்க வைத்துவிடும். 'டப்' என்று சத்தம் குறைவாகக் கேட்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம்.

ப்ரோக்ரஸிவ் பிரஸ்ஸில் ஏதாவது சிக்கி, கைப்பிடியைப் பாதியில் நிறுத்தி மறுபடி இழுக்கும்போதுதான் இந்த இரண்டு தவறுகளும் எளிதாக நடக்கும். சிங்கிள் ஸ்டேஜில் 50 உறைகளும் ஒரே தட்டில் வரிசையாக நிற்கும். மேலிருந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். எதில் மருந்து கூட, எதில் இல்லை என்று பளிச்சென்று தெரியும்.

அதனால் கற்றுக்கொள்பவருக்குச் சிங்கிள் ஸ்டேஜ் நல்லது. கொஞ்சம் வேகமும் வேண்டும் என்றால் டரட். நிறையச் சுட ஆரம்பித்த பிறகு ப்ரோக்ரஸிவ் வாங்கினாலும் பழைய பிரஸ் வீணாகாது, சின்னச் சின்ன வேலைகளுக்கு உதவும்.

வேறு என்னென்ன வேண்டும்?

நிறுவனங்கள் 'ஸ்டார்டர் கிட்' என்று மொத்தமாகவும் விற்கின்றன. ஆனால் பல கிட்களில் டையும், உறையைப் பிடிக்கும் 'ஷெல் ஹோல்டரும்' இருக்காது. தோட்டா வகைக்கு ஏற்ப அவற்றைத் தனியாக வாங்கணும்.

• கையேடு: முதலில் வாங்க வேண்டியது இதுதான். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, தொடக்க அளவு எவ்வளவு, உச்சம் எவ்வளவு என்று சோதித்துப் போட்டிருப்பார்கள். தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்கணும். யாரோ சொன்ன அளவு, இணையத்தில் பார்த்த அளவு வேண்டவே வேண்டாம்.

• கார்பைடு டை: கைத்துப்பாக்கி உறைகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் உள்ள டை வாங்கினால், ஒவ்வொரு உறைக்கும் எண்ணெய் தடவித் துடைக்கும் வேலை மிச்சம்.

• தராசு: மருந்தின் எடை 'கிரெய்ன்' கணக்கில். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம், அதாவது ஒரு குன்றிமணியில் ஏறத்தாழ பாதி. கைத்துப்பாக்கித் தோட்டாவில் போவதே சில கிரெய்ன்தான். அரை கிரெய்ன் கூடினாலும் அது பெரிய வித்தியாசம். டிஜிட்டல் தராசில் ஃபேன் காற்று பட்டாலே எண் ஆடும். எது வாங்கினாலும் சரிபார்க்கும் எடைக்கல் கூட வேண்டும்.

• காலிபர்: பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்த அதே வெர்னியர் குடும்பம். தோட்டாவின் மொத்த நீளத்தை அளக்க. குண்டு அளவுக்கு மீறி உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் எகிறும்.

• குண்டு கழற்றும் சுத்தியல்: தப்பாகப் போன தோட்டாவைப் பிரிக்க. முதல் நாளே தேவைப்படும்.

• பாதுகாப்புக் கண்ணாடி: பிரைமர் சில சமயம் கையாளும்போதே வெடிக்கும்.

உறையைச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரம், தானியங்கி மருந்து அளப்பான் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். காசு குறைவாக இருந்தால் பிரஸ்ஸில் மிச்சம் பிடிக்கலாம். தராசிலும் கையேட்டிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மருந்து வாங்கும்போதும் ஒரு உத்தி உண்டு. கையேடு அனுமதிக்கும் மருந்துகளில், உறையின் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு முறை போட்டதும் வெளியே வழிந்துவிடும். தவறு தானாகவே காட்டிக்கொடுக்கும்.

மேசையில் பின்பற்றும் விதிகள்

• மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கணும். இரண்டு மருந்து கலந்துபோனால் மொத்தத்தையும் கழித்துவிடுவதுதான் வழி.

• டிவி, செல்போன், அரட்டை கூடாது. நடுவில் எழுந்து போனால், திரும்பி வந்ததும் எல்லா உறையையும் மறுபடி பார்க்கணும்.

• பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட உறையின் தூசியிலும் ஈயம் இருக்கும். அங்கே சாப்பிடக் கூடாது, முடித்ததும் கை கழுவணும். சமையலறைப் பாத்திரம், சல்லடையை இதற்கு எடுக்கவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

• மருந்தை அது வந்த டப்பாவிலேயே வைக்கணும். காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் பூட்டினால், தீப்பிடிக்கும்போது அந்தப் பெட்டியே வெடிகுண்டு ஆகிவிடும். அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 495, வீட்டில் 20 பவுண்டுக்கு மேல் வைத்தால் மரப்பெட்டி வேண்டும் என்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கூட்டரசு சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்கத் தயாரித்தால் உரிமம் கட்டாயம். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு.

அங்கே வேலைக்குப் போயிருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: எச்1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசு சட்டப்படி குற்றம். நண்பரோட கராஜில் இருப்பதை 'சும்மா வாங்கி வச்சுக்கிட்டேன்' என்பதும் சிக்கல்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இந்தியாவில்?

இங்கே வீட்டில் இதைச் செய்யவே முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அந்தச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்ற வரையறைக்குள் தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட வருகின்றன. அதாவது, துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதால் மட்டும் ஒரு பிரஸ்ஸை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட முடியாது.

2019ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

அப்போ நம்ம துப்பாக்கிச் சுடுதல் வீரர்கள்? ஒலிம்பிக்கின் 10 மீட்டர் பிஸ்டல் போட்டி காற்றுத் துப்பாக்கியில் நடக்கிறது. 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் .22 ரிம்ஃபயர் தோட்டா. அதில் தனிப் பிரைமர் கிடையாது, தீப்பொறிக் கலவை உறையின் விளிம்பிலேயே இருக்கும். ஒருமுறை சுட்டதும் அந்த உறையின் வேலை முடிந்தது. அதை மறுபடி நிரப்புவது நடைமுறையில் இல்லை.