களப் புகைப்படச் சேமிப்புக் கருவி

வெளியிடங்களில் படம் எடுப்பவர், கணினியின் துணை இல்லாமல் கேமராவின் மெமரி கார்டில் உள்ள படங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளவும், அவற்றைச் சிறு திரையில் பார்க்கவும் பயன்படுத்திய பேட்டரிக் கருவி. உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க், ஓரத்தில் கார்டு செருகும் வாய், முகப்பில் திரை: இவ்வளவுதான் அதன் உடல். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றி, சுமார் பத்தாண்டுகள் செழித்து, பிறகு செல்பேசிக்கும் மலிவான கார்டுகளுக்கும் இடம்விட்டு ஒதுங்கியது. கருவியின் ஆயுள் குறைவு. அது தீர்க்க வந்த சிக்கலுக்கோ வயது நூற்றைம்பதைத் தாண்டும். அச்சிக்கலின் பழைய சான்றுகள் சில காவிரிப் படுகையிலேயே கிடைக்கின்றன.

களத்தில் நிற்கும் படக்காரருக்குக் கவலை இரண்டு. படம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். விழுந்ததை ஊர்போய்ச் சேரும்வரை காப்பாற்ற வேண்டும். புதிதாக வந்த ஒவ்வொரு தொழில்நுட்பமும் ஒரு கவலையைத் தீர்த்து மற்றதைப் பெரிதாக்கியது என்பதே இக்கருவியின் முன்கதை.

லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக 1858இல் தஞ்சாவூரிலும் திருவையாற்றிலும் படம் எடுத்தார். அக்காலத்தில் புதிதாகப் பரவியிருந்த முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். தஞ்சை வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிடம் தாங்கும்? டிரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய காகித நெகட்டிவையே நம்பினார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், கண்ணாடிபோல உடையாது, கனமும் குறைவு. கழுவி முடித்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கறுப்பு வெள்ளையாக மாறித் தெரிந்தாலும், படம் விழுந்ததா இல்லையா என்பது புரிந்துவிடும். சேமிப்பும் பார்வையும் ஒரே தாளில் அமைந்த முறை அது. பெரிய கோயில் அடித்தளத்தின் கல்வெட்டு வரிகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கும் நீளமான ஒரு சுருளாக்கினார். அத்தகைய வேலையில் ஒரு நெகட்டிவ் கெட்டாலும் நடுவில் ஓட்டை விழும். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், நிதி இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று அந்தப் பணியையே நிறுத்திவிட்டார்.

பிலிம் சுருள் வந்ததும் சுமக்கும் கவலை தீர்ந்தது. 36 படங்கள் கொண்ட ரோல் சட்டைப் பையில் அடங்கும். பத்து ரோல் ஒரு சிறு பையில். பார்க்கும் கவலைதான் பெரிதாயிற்று. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கண் மூடியிருந்ததா என்பது, ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டு வரும்வரை படக்காரருக்கும் தெரியாது, பெண் வீட்டாருக்கும் தெரியாது. ஆனால் பிலிமுக்கு ஒரு பெருமை உண்டு: எடுத்த பொருளை விட்டு வெகுதூரத்தில், ஆண்டுக்கணக்கில், யாரும் தொடாமல் கிடக்கும்.

அதன் அருமையை அறிய இரண்டு நடராஜர் வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர் கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தது. மண்ணில் புதைந்திருந்த சிலைக்கு ஏது புகைப்படம்? அது பத்தூருக்கு உரியதுதான் என்பதை நிறுவ, சிலையில் ஒட்டியிருந்த மண், கரையான் தடம், வார்ப்பின் பாணி என்று நிபுணர்கள் நீதிமன்றத்தில் நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. 1991இல்தான் அது நாடு திரும்பியது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கோ படம் இருந்தது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னாட்டுக் கோயில்களைப் பல்லாண்டுகள் படமெடுத்துச் சேர்த்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில், இச்சிலையை 1994இல் எடுத்த படமும் ஒன்று. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்த இந்தக் கடத்தல் சிலை, அப்படம் சான்றாக நிற்க, 2014இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. களத்தில் எடுத்த ஒரு படம் பத்திரமாக வேறோர் ஊருக்குப் போய்ச் சேர்வதன் மதிப்பு இவ்வளவு.

டிஜிட்டல் கேமரா நிலைமையைத் தலைகீழாக்கியது. எடுத்த நொடியில் பார்க்கலாம், வைக்கத்தான் இடமில்லை. 1991இல் கோடக் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ் என்னும் முதல் தொழில்முறை டிஜிட்டல் கேமராவிலேயே இது அப்பட்டமாகத் தெரிந்தது. நிக்கான் எஃப்3 உடலில் பொருத்திய 13 லட்சம் புள்ளி உணரி கையில், 200 எம்.பி. ஹார்டு டிஸ்க்கும் பேட்டரியும் சிறிய கறுப்பு வெள்ளைத் திரையும் அடங்கிய பெட்டி தோளில். இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. சுருக்காமல் சேமித்தால் 156 படம் கொள்ளும். தோளில் தொங்கிய அந்தப் பெட்டியே இக்கட்டுரையில் பேசப்படும் கருவிகளின் நேர் மூதாதை. பின்னர் 1994இல் சான்டிஸ்க்கின் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு வந்து பெட்டியைக் கேமராவுக்குள் சுருக்கியது. 1999இல் ஐபிஎம் ஒரு ஹார்டு டிஸ்க்கையே கார்டு அளவில் செய்து மைக்ரோடிரைவ் என்று விற்றது. இருந்தும் பசி தீரவில்லை. 2004 வாக்கில் பரவலாக இருந்த 60 லட்சம் புள்ளி எஸ்எல்ஆர் கேமராவில், உணரி பதிந்ததைப் பதனிடாமல் வைக்கும் ரா கோப்பு ஒன்று 5 எம்.பி. அளவில் இருந்தால், 512 எம்.பி. கார்டில் நூறு படம். மூன்று ரோல் பிலிமுக்குக்கூட எட்டாது.

இந்த இடைவெளியில்தான் கருவி பிறந்தது. 2000ஐ ஒட்டி வந்த டிஜிட்டல் வாலட் போன்றவை வெறும் கிட்டங்கிகள்: கார்டைச் செருகினால் உள்ளதை விழுங்கி வைத்துக்கொள்ளும், படத்தைக் காட்டாது. ஸ்மார்ட்டிஸ்க்கின் ஃபிளாஷ்டிராக்ஸ் திரையோடு வந்தது. 2004இல் நிக்கான் 30 ஜி.பி. கொள்ளளவோடு கூல்வாக்கரை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த எப்சன் பி-2000தான் இவ்வகையில் பெயர் வாங்கியது. 40 ஜி.பி. டிஸ்க், 3.8 அங்குலத்தில் 640க்கு 480 புள்ளி கொண்ட திரை, காம்பேக்ட் ஃபிளாஷ், எஸ்டி இரண்டுக்கும் தனித்தனி வாய். கேமராக்களின் முதுகுத் திரை தீப்பெட்டி அளவில் இருந்த காலத்தில், படத்தின் கூர்மை சரியா, கண் சிமிட்டிவிட்டதா என்பதைத் தெருவிலேயே நின்று தீர்மானிக்க அத்திரை போதுமானதாக இருந்தது. 2008இல் வந்த பி-7000 வரை அந்த வரிசை வளர்ந்து 160 ஜி.பி.யைத் தொட்டது.

இயங்கும் விதம் எளிது. ரா கோப்பை முழுதாக விரித்துக் காட்டும் வலு உள்ளிருந்த சிறு செயலிக்குக் குறைவு. பல கருவிகள் அக்கோப்புக்குள்ளேயே கேமரா பொதிந்து வைத்திருக்கும் சிறிய ஜேபெக் படத்தை எடுத்துக் காட்டிச் சமாளித்தன. தொல்லை தந்தவை டிஸ்க்கும் பேட்டரியும். ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழையினும் குறைந்த உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. நகலெடுக்கும்போது கருவி அதிர்ந்தால் முனை தட்டில் உரசும். பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி கார்டை இறக்குவது வம்பை விலைக்கு வாங்கும் வேலை. ஒரு கார்டு முழுதும் இறங்கப் பல நிமிடங்கள் ஆகும். பேட்டரி தீர்ந்தால் பாதியில் நிற்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து பயன்படுத்தும் பழக்கத்தில் இருந்தது. இக்கருவிகளை நகல் வைக்க என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் வாங்கியவர் கார்டை இறக்கியதும் அதை அழித்து மறுபடி கேமராவில் போட்டுவிடுவார். அந்த நொடி முதல் அன்றைய உழைப்பு முழுதும் ஒரே டிஸ்க்கில். நகலாக வந்தது மூலமாகிவிட்டது. ரோல் ரோலாகப் பிரிந்து கிடந்தபோது ஒன்று போனால் 36தான் போகும்.

திருவாரூர்க் கோயிலின் ஆழித்தேர் ஓடும் நாளை எண்ணிப் பார்த்தால் இக்கருவியின் தேவை விளங்கும். அலங்கரித்த நிலையில் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பூண்ட தேர் நான்கு வீதியையும் சுற்றி நிலைக்கு வருவதற்குள் பொழுது போய்விடும். வடம் பிடிப்பவர், முட்டுக்கட்டை போடுபவர், மூலை திரும்புகையில் சாயும் தேர்ச்சீலை என்று கண்ணில் படுவதெல்லாம் படம். நெரிசலில் மாட்டிக்கொண்டால் அறைக்குத் திரும்பிக் கணினியைத் திறக்க வழியில்லை. கோயிலுக்குள் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் இருக்கும், புராண மன்னன் முசுகுந்தனின் கதை சொல்லும் ஓவியங்களுக்குத் தேவை வேறு மாதிரி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அவற்றைக் கழுத்தை அண்ணாந்தே பார்க்க வேண்டும். கீழே தமிழில் எழுதிய விளக்க வரிகள் படத்தில் படிக்கும்படி விழுந்தனவா என்பதை அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது. வி. கே. ராஜாமணியின் படங்களும் டேவிட் ஷுல்மனின் எழுத்துமாக இவ்வோவியங்கள் 2011இல் நூலாகியுள்ளன.

ஆனாலும் டெல்டாப் படக்காரர்களில் இக்கருவியைக் கையில் வைத்திருந்தவர் அபூர்வம். பி-2000 அமெரிக்காவில் 500 டாலர். அந்தப் பணத்துக்கு இங்கே இன்னொரு லென்ஸ் பார்ப்பார்கள். கூடுதலாக இரண்டு கார்டு, இரவு ஸ்டுடியோவுக்குப் போய்க் கணினியில் இறக்கி சிடியில் எழுதுவது என்றே காரியம் நடந்தது. ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் சமவெளியில் ஸ்டுடியோ என்றும் தொலைவில் இல்லை. இமயத்திலோ ஆப்பிரிக்கக் காட்டிலோ பத்து நாள் சுற்றுபவருக்குத்தான் அது உயிர்நாடி.

கருவியைக் கொன்றது ஒரே எதிரி அல்ல. கார்டு விலை சரிந்து கொள்ளளவு ஏறியது. கேமராக்களிலேயே இரண்டு கார்டு வாய் வந்து, எடுக்கும்போதே இரண்டு பிரதி விழுந்தது. 2010இல் ஐபேடும் அதற்கான கார்டு இணைப்பியும் வந்தபின் நான்கு அங்குலத் திரை யாருக்கு வேண்டும்? வெஸ்டர்ன் டிஜிட்டல் 2016இல் கார்டு வாயும் வைஃபையும் கொண்ட டிஸ்க்கை வெளியிட்டபோது அதில் திரையே இல்லை. பார்க்கும் வேலையைச் செல்பேசி எடுத்துக்கொண்டது. இப்போது சுழலும் தட்டும் போய், விரல் நீள எஸ்எஸ்டி ஒன்றைச் செல்பேசியில் நேராகச் செருகி இறக்கிவிடுகிறார்கள்.

கிளவுடில் ஏற்றிவிட்டால் போதும் என்பவர்கள் 2018 நவம்பர் 16ஐ நினைத்துக்கொள்ளலாம். அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கங்களில் மின்கம்பங்களைச் சாய்த்து, பல ஊர்களை வாரக்கணக்கில் இருட்டில் போட்டது. மின்சாரமும் டவரும் இல்லாத ஊரில், விழுந்த தென்னையையும் கூரை போன வீட்டையும் எடுத்த படத்துக்குக் கார்டும் பையில் கிடக்கும் இரண்டாவது பிரதியுமே கதி.

எப்சன் இக்கருவிகளைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. பழைய பி-2000 இன்றும் கைமாறுகிறது. வாங்குபவர் முதலில் விசாரிப்பது அதன் பேட்டரியைத்தான்.