1995ஆம் ஆண்டு முந்திரிகை

வைன் ரசிகர்கள் ஒரு போத்தலைக் கண்டதும் கேட்கிறது இரண்டு கேள்வி: எந்த ஊர், எந்த ஆண்டு? பிரான்சின் போர்தோ பகுதியில் 1995இல் வந்த வைன்களைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள. அந்த ஆண்டுக் கோடை நல்ல வெயில். வைன் தொடக்கத்தில் துவர்ப்பாக இருந்தது, பொறுத்திருக்கச் சொன்னார்கள். 30 வருடம் கழித்து, நிலவறையில் கிடந்த போத்தல்களைத் திறந்து, துவர்ப்பு அடங்கிவிட்டதா எண்டு பார்க்கிறார்கள்.

அதே கேள்வியை எங்கட ஊரிடம் கேட்டால்? 1995இல் வலிகாமத்தில் காய்த்த முந்திரிகைக்கு என்ன நடந்தது?

திராட்சையைத்தான் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்போம். உரும்பிராய், கோண்டாவில், நீர்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில், கிணற்றுத் தண்ணியில், பந்தல் போட்டு வளர்த்தார்கள். 1970களில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயம், மிளகாயோடு இதுவும் காசுப் பயிரானது. பெரும்பாலும் பழமாகவே விற்றார்கள். வைன் செய்தவர்கள் துறவிகள். 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத்தாசர் ஆச்சிரமத்தின் பெயரைச் சொன்னால் நெல்லிரசமும் வைனும்தான் பலருக்கு நினைவு வரும். யாழ் நகரில் செபமாலைக் கன்னியர் மடத்து வைனில் கறுவாவும் கராம்பும் மணக்கும்.

ஆனால் இங்கே 'ஆண்டு' என்ற கணக்கே வேறு. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்து கொடியை உறங்க வைக்கும். அதனால் வருடத்துக்கு ஒரே அறுவடை. எங்கட கொடிக்கு உறக்கம் இல்லை. கத்தரித்துவிட்டால் திரும்பத் துளிர்க்கும், ஒரே வருடத்தில் மறுபடியும் காய்க்கும். பனங்கள்ளுக்கோ காலம் உண்டு, ஆண்டு இல்லை. முட்டியில் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, பின்னேரம் காரம், விட்டால் அடுத்தடுத்த நாளில் விநாகிரி. அதனால்தான் சீவல் தொழிலாளி ஒவ்வொரு நாளும் மரம் ஏற வேண்டியிருந்தது. விலை ஏறும்வரை சரக்கை வைத்திருக்கும் வசதி அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அதுக்காகத் தமிழருக்கு முதிர வைக்கத் தெரியாது எண்டு இல்லை. மூங்கிலில் அடைத்தும் நிலத்தில் புதைத்தும் முதிர்ந்த தேறல் புறநானூற்றிலேயே வருகிறது. யவனர் கொண்டுவந்த வைனும் அதில் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் அந்த மத்தியதரைக் கடல் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மண்ணுக்குள் புதைத்துக் காத்திருந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்: தோண்டி எடுக்கிற நாளில் நாங்கள் இங்கேயே இருப்போம்.

1995இல் இல்லாமல் போனது அந்த நம்பிக்கைதான். 1990இலிருந்தே பொருளாதாரத் தடை. யூரியாவும் எரிபொருளும் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்டவை. தோட்டத்துக்கு உரமும் இல்லை, தண்ணி இறைக்கிற மெசினுக்கு எண்ணெயும் இல்லை. பிறகு 1995 ஒக்டோபர் 17இல் 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே எழும்பி, மழைக்குள்ள செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. நாலைந்து இலட்சம் சனம் என்பார்கள். போர்தோவில் அந்த ஆண்டுப் பழம் அறுவடையாகி முடிந்திருந்த நாட்கள் அவை.

1996 ஏப்ரலுக்குப் பிறகு சனம் திரும்பத் தொடங்கியது. அதுவரை அந்தப் பந்தல்களுக்குத் தண்ணி ஊத்தவும் கத்தரிக்கவும் ஆள் இல்லை. ஒரு வைன் 30 வருடம் முதிர வேண்டுமெண்டால், நல்ல பழமும் நல்ல மரப்பீப்பாயும் போதாது. அதை வைத்த வீட்டில், வைத்தவரோ அவருடைய பிள்ளையோ 30 வருடம் இருக்க வேண்டும்.

இப்ப பந்தல்கள் திரும்பவும் ஏறியிருக்கு, மடத்து வைனும் கிடைக்கிறது. ஆனால் 1995 பற்றி நாங்கள் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் நடந்த கதை மட்டும்தான். விட்டுட்டுப் போன கதைகளும் வேணும். உங்கட வீட்டில் தோட்டம் செய்த ஆக்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கோ: அந்த ஒக்டோபரில் பந்தலில் பழம் இருந்ததா, திரும்பி வந்தபோது கொடி உயிரோடு இருந்ததா? அவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்போம்.