சட்டமாகாமலே உலகம் ஏற்றுக்கொண்ட விதிகள்



2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி நின்ற 'எவர் கிவன்' கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு நாளில் மீட்டுவிட்டார்கள். பிறகு நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. கப்பல் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். அதாவது, மீட்புச் செலவில் சரக்குக்காரர் ஒவ்வொருவரும் பங்கு தர வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் கம்பெனி உத்தரவாதம் கொடுக்கும். எடுக்காத வியாபாரி கைப்பணத்தைக் கட்டினால்தான் பெட்டி கைக்கு வரும்.

இது ரோமானியர் காலத்து வழக்கம். கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிந்தால் நட்டம் எல்லோருக்கும் பொது. நம் வகுப்பு விகிதக் கணக்குதான். கப்பல் 60 லட்சம், முதல் வியாபாரியின் சரக்கு 20 லட்சம், இரண்டாமவர் சரக்கு 20 லட்சம், ஆக 100. இரண்டாமவரின் சரக்கில் 10 லட்சத்தை எறிந்தார்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு. கப்பல் 6, முதலாமவர் 2, எறியப்பட்டவரே 2. (கணக்கில் நாம் சொல்லும் 'ஆவரேஜ்' என்ற சொல்லே இந்தக் கப்பல் நட்டத்திலிருந்து வந்ததுதான்.)

கொள்கை எங்கும் ஒன்று. ஆனால் எதைக் கணக்கில் சேர்ப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறியது. அடிபட்ட கப்பல் ஒரு துறைமுகத்தில் ஒதுங்கி நிற்கும்போது மாலுமிகளின் சம்பளம் யார் பொறுப்பு? அமெரிக்காவில் எல்லோரும் பகிர வேண்டும், இங்கிலாந்தில் கப்பல்காரர் தலையில். ஒரே நட்டத்துக்குத் துறைமுகத்தைப் பொறுத்து வேறு வேறு பில்! இன்ஷூரன்ஸ்காரர் எதை வைத்துப் பிரீமியம் போடுவார்?

1860இல் கிளாஸ்கோவில் கூடிப் பேசினார்கள். 1864இல் யார்க் நகரில் 11 விதிகள் எழுதினார்கள். ஒவ்வொரு நாடும் இதைச் சட்டமாக்கட்டும் என்பது எண்ணம். அது நடக்கவில்லை. 1877இல் ஆண்ட்வெர்ப்பில் மறுபடி கூடியபோது வேறு வழியைப் பிடித்தார்கள்: பாராளுமன்றங்களுக்குக் காத்திருக்காமல், 'யார்க்-ஆண்ட்வெர்ப் விதிப்படி' என்று வியாபாரிகளே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வது. அந்த ஒரு வரியால் அது உலகெங்கும் பரவியது. என் பார்வையில் 1877தான் இந்தக் கதையின் முக்கிய ஆண்டு.

விருப்ப விதி என்றால் வேண்டாம் என்றும் சொல்லலாம். 1928இல் 'மாகிஸ்' என்ற கப்பல் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் விதிகளுக்குச் சொன்ன பொருள் தொழில்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்களுக்குள் தனி ஒப்பந்தம் செய்து, பழையபடியே நடத்தினார்கள். 1950இல் விதியையே திருத்தினார்கள். 2004 திருத்தத்தைக் கப்பல்காரர்கள் ஏற்காததால் பலரும் 1994 விதிகளையே எழுதிவந்தார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பதிப்பு 2016இல்தான் வந்தது. ஏற்றுமதியில் இருக்கும் நம் பிள்ளைகள் பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில் எந்த ஆண்டு என்று பாருங்கள்.

இதே வழியைச் சாதாரண இன்ஷூரன்சுக்கும் கொண்டுவர ஐரோப்பாவில் முயன்றார்கள். 1999இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் பேராசிரியர் ரைகெர்ட்-ஃபாசிலிடெஸ் ஒரு குழுவைத் தொடங்கினார். 2009இல் ஐரோப்பியக் காப்பீட்டு ஒப்பந்தக் கோட்பாடுகள் புத்தகமாக வந்தன. ஆனால் இங்கே இரு தரப்பும் சமமில்லை. கப்பல்காரரும் சரக்குக்காரரும் தொழில் தெரிந்தவர்கள். பாலிசிதாரரோ நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். அதனால் குழு ஒரு நிபந்தனை வைத்தது: எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். தனக்குச் சாதகமானதை மட்டும் வைத்துக்கொண்டு, பாலிசிதாரருக்குப் பாதுகாப்பான விதியைக் கம்பெனி விட்டுவிட முடியாது. நல்ல நிபந்தனை. ஆனால் நாட்டுச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு இந்த விதிகளைத் தேர்வுசெய்ய ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே இடம் தர வேண்டும். அதை ஒன்றியம் இன்னும் இயற்றவில்லை.